ஐம்பதாவது கால்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு வெறிதான் இருந்தது. எங்கள் வீட்டு ஷோகேஸுக்குள் என் பெயர் போட்ட ஏதாவது ஒன்று போய் உட்கார வேண்டும். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். கூடத்துச் சுவரில் இருந்த அந்தக் கண்ணாடி அலமாரியில், பெரியப்பா மகனான அண்ணன் கபடியில் வாங்கிய கோப்பைகள் ஏழு, வெங்காய விளைச்சலுக்காகப் பெரியப்பாவுக்குக் கொடுத்த கேடயம், ராமேஸ்வரத்தில் வாங்கிய சிப்பிக் கப்பல், வால் உடைந்த பிளாஸ்டிக் டால்பின் எல்லாம் இருந்தன. டால்பினுக்குக் கிடைத்த இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. ஓட்டப்பந்தயத்தில் நான் ஜெயித்து வாங்கி வந்த டிபன் பாக்ஸில் அம்மா கடுகு போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் அறிவியல் டீச்சர் எங்கள் பள்ளியில் சாரணியர் படை ஆரம்பித்தார். எல்லாச் சோதனைகளையும் முடித்தால் ஆளுநர் விருது கிடைக்கும், ஆளுநரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வரும் என்றார். நான் எழுந்து, சான்றிதழ் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் இரண்டு கைகளாலும் அளவு காட்டினார். அன்று சாயங்காலமே ஸ்கேலை எடுத்து ஷோகேஸின் நடுத்தட்டை அளந்து பார்த்தேன். டால்பினைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

அதற்கப்புறம் நான் ஆளே மாறிப்போனேன். விடியற்காலையில் எழுந்து கிணற்றடிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். கூடாரம் அடித்தேன், பாத்திரம் இல்லாமல் சமைத்தேன், கொடி மடித்தேன். கூடச் சேர்ந்த இருபது பேரில் பதினாறு பேர் அரையாண்டுத் தேர்வோடு கழன்றுகொண்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது தொண்டு மட்டும்தான். ஐம்பது பேருக்கு முதலுதவி செய்திருக்க வேண்டும். ஒவ்வொருவருடைய பெயர், ஊர், செய்த உதவி, கையெழுத்து எல்லாம் சேவைப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம்.

"ஒன்னு குறைஞ்சாலும் ஒம் பேர அனுப்ப மாட்டேன். ஒன்னு பொய்யா இருந்தாலும் அனுப்ப மாட்டேன், பாத்துக்க" என்றார். டீச்சர் திண்டுக்கல்காரர். சொன்னால் சொன்னதுதான்.

அடிபட்ட ஐம்பது பேருக்கு எங்கள் ஊரில் நான் எங்கே போவது? முதலுதவிப் பெட்டியை மாட்டிக்கொண்டு, அரிவாளோடு போகிறவர்கள் பின்னாலெல்லாம் நடந்தேன். இரண்டு வாரத்தில் அகப்பட்டது ஒரே ஒரு ஆள், காலில் கோழி கொத்திய பக்கத்து வீட்டுப் பையன். அண்ணனிடம் ஒருமுறை மாடிப்படியில் லேசாக வழுக்கி விழ முடியுமா என்று கேட்டுக்கூடப் பார்த்தேன். அவன் எனக்கு முதலுதவி தேவைப்படும்படி ஒன்று வைத்தான்.

தை பிறந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகிற சாலையில்தான் எங்கள் ஊர். தைப்பூசத்துக்கு எங்கெங்கிருந்தோ கிளம்பி, நாட்கணக்கில் வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் எங்கள் தக்காளிக் காடுகளுக்கும் முருங்கைக் காடுகளுக்கும் நடுவே போவார்கள். அந்தக் கால்களைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. ஐம்பது பேரைத் தேடி நான் ஏன் அலைய வேண்டும்? அவர்களே என் வாசல் வழியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

பெரியப்பா வருடாவருடம் சாலையோரம் மோர்ப்பந்தல் போடுவார். அந்த மூன்று நாளும் அவரைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் யாரையும் அதட்டாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காத மனிதர், பந்தலில் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வருகிறவர் காலையெல்லாம் தொட்டுக் கும்பிடுவார். மாலை போட்டுவிட்டால் சின்னப் பையனும் அவருக்குச் சாமிதான். "சாமிகளுக்கு சாதி என்னங்க, ஊரு என்னங்க! அத்தனையும் முருகன் காலுங்க!" என்று மைக்கில் சொல்லுவார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

பந்தலில் எனக்கு ஒரு மூலை வேண்டும் என்று கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சு வந்தது, அண்டா நிறைய வெந்நீர் வந்தது, கல் உப்பு வந்தது. மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சு, களிம்பு, கட்டுத்துணி எல்லாம் அவரே வாங்கி வந்தார். "கால் கொப்புளத்துக்கெல்லாம் இங்க வைத்தியம் இருக்குதுங்க சாமி! எங்கூட்டுப் புள்ளைங்க, கவர்னர் விருதுக்குப் படிக்குது!" என்று மைக்கில் அறிவிப்பு வேறு.

பந்தலில் முதல் காலைக் கையில் எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடைய கால். குதிகாலில் முழு உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். பத்தாவது காலுக்கு வருவதற்குள் கை பழகிவிட்டது. வெந்நீர் ஊற்று, மண்ணைத் துடை, ஈரத்தை ஒற்றியெடு, களிம்பு தடவு, கட்டு. பிறகு புத்தகத்தை நீட்டு. சிலர் கூச்சத்தில் சிரித்துக் காலை உதறினார்கள். சிலர் என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஒருத்தர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மகளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி, சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்றும் சேர்த்து எழுதிவிட்டுப் போனார். அவர் என்னை அர்ச்சனைச் சீட்டுக்காரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சாயங்காலமானால் பந்தலுக்கு வரும் ஊர்க்காரர்கள் முன்னால் பெரியப்பா அன்றைய பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாற்பத்தொன்பது ஆகிவிட்டது. அதோடு நின்றும் போனது. மறுநாள் பூசம், அதற்கு மறுநாள் புத்தகத்தை டீச்சரிடம் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் வருகிறவர்கள் நிற்கமாட்டார்கள், எட்டி நடை போட்டுப் பழனி போய்ச் சேரத்தான் பார்ப்பார்கள். இரண்டு மணி நேரம் ஒரு கால்கூடச் சிக்கவில்லை. மானத்தை விட்டு மைக்கைப் பிடித்து, "ஒரே ஒரு சாமி மட்டும் வந்துட்டுப் போங்க" என்றேன். "எங்க காலெல்லாம் நல்லாருக்கு தங்கச்சி" என்று ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே போனது. அழுகை முட்டியது. ஆனாலும் வெந்நீரை ஆறவிடாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். யாராவது ஒருவருக்குக் கால் வலிக்காமலா போய்விடும்?

நாலு மணி வாக்கில் பெரியப்பா மோருக்குத் தயிர் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். பந்தலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை, தலையில் முக்காடு. இவ்வளவு அருமையான பந்தல் இருக்கும்போது அங்கே போய் உட்காருவானேன்? வெந்நீர் வாளியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கிட்டே போனதும்தான் தெரிந்தது. மயிலாத்தாள். எங்கள் தோட்டத்தில் களை எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் வருகிறவர். ஓடைக்குத் தெற்கே இருந்த காலனியில் வீடு. என் அம்மா வயதிருக்கும். வீட்டில் எல்லோரையும்போல நானும் அவரை 'மயிலா, வா, போ' என்றுதான் கூப்பிடுவேன். 'அவர்' என்று இப்போதுதான் எழுதுகிறேன்.

"ஐயோ, அம்மணி, நீங்களா!" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காலைச் சேலைக்குள் ஒடுக்கினார்.

பையனுக்குக் கடும் காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக வேண்டுதலாம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே இருக்கும் தாய்வீட்டுக்குப் போய், அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தோடு நடந்து வந்திருக்கிறார். கால் முடியாமல் பின்தங்கிவிட்டார். வெங்காய அறுவடை நேரத்தில் லீவு கேட்டால் பெரியப்பா விடமாட்டார் என்று, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை எனப் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லீராதீங்க அம்மணி" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

"சரி, காலைக் காட்டுங்க சாமி."

அவர் பதறிப்போனார். "வேண்டாமுங்க. நீங்க எங்க காலைத் தொடக் கூடாதுங்க. எங்களுக்குப் பாவமுங்க அம்மணி."

"மாலை போட்டிருக்கீங்க இல்ல? அப்ப நீங்க சாமி. பெரியப்பாவே மைக்குல சொல்றாரு" என்றேன். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன். குனிந்து காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்பது கால் பார்த்தவள் நான், அப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. பித்தவெடிப்புக்குள் எல்லாம் பொடிக்கல் ஏறியிருந்தது. கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து தொங்கியது. உப்பு வெந்நீர் பட்டபோதுகூட அவர் காலைப் பார்க்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலி என்று நினைத்து மெதுவாகத் துடைத்தேன். ஒவ்வொரு கல்லாக ஊசியால் எடுத்தேன். நான் போட்ட கட்டுகளிலேயே அழகான கட்டு அதுதான்.

பிறகு புத்தகத்தை நீட்டினேன்.

"பேரு வேண்டாமுங்க அம்மணி. யாரோ ஒரு பொம்பளைன்னு எழுதிக்கோங்க."

"பேரு இல்லைன்னா செல்லாது. டீச்சர் அனுப்ப மாட்டாங்க. இந்த ஒன்னுதான் குறையுது, மயிலா. ஒரு வருசமா உசிரக் குடுத்திருக்கேன்." 'சாமி' எப்போது மறுபடி 'மயிலா' ஆனார் என்பதை நான் கவனிக்கவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மேலே இருந்த பெயர்களைக் காட்டி, இவங்கெல்லாம் யாருங்க என்று கேட்டார். உங்களைப் போல நடந்து வந்தவங்கதான் என்றேன். நூறு நாள் வேலைக்காகக் கையெழுத்துப் பழகியிருந்தார். பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, மயிலாத்தாள் என்று எழுதினார். எழுதி முடித்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊரையும், காலனி என்பதையும் நானே எழுதினேன். உதவி என்ற இடத்தில் 'கால் கழுவிக் கட்டுப் போட்டேன்' என்று எழுதினேன். ஐம்பது!

சத்தியத்தை நான் மீறவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதித்தான் வைத்தேன்.

சாயங்காலம் பெரியப்பா வழக்கம்போலப் புத்தகத்தை வாங்கினார். கடைசி நாள் என்பதால் பந்தலில் நல்ல கூட்டம். "அம்பதும் ஆயிருச்சுங்க!" என்று என் தோளைத் தட்டிவிட்டு, கம்பீரமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் குரல் பாதியில் நின்றது. அதற்குள் அரைப் பெயர் வெளியே வந்துவிட்டது.

"ஏனுங்க, நம்ம மயிலாத்தாளுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பெரியப்பா புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். லீவு விஷயம் வெளியாகிவிட்டதே, அந்தப் பெண்ணை மாட்டிவிட்டோமே என்று பதறி, பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு நானும் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டு வாசலில் அம்மா என்னை உள்ளே விடவில்லை. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போய், தலையோடு தண்ணீர் ஊற்றினாள். சீருடையைத் தனி வாளியில் ஊறப்போட்டாள். புண்ணைத் தொட்டதால் கிருமி இருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு நாளும் அந்தக் கிருமி ஏன் அம்மாவுக்கு நினைவில்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கூடத்தில் பெரியப்பா காத்திருந்தார். "அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, வேற யாரு பேரையாச்சும் எழுதிக் கொண்டு போ. உங்க பெரியம்மா கையெழுத்துப் போடட்டும். பொய் சொல்லிட்டு வேலைக்கு வராதவ பேரு அதுல எதுக்கு?"

"மாட்டேன் பெரியப்பா. ஒன்னு பொய்யா இருந்தாலும் செல்லாது."

அந்த வீட்டில் அவரிடம் 'மாட்டேன்' என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான். அவர் கையை ஓங்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் பூசத்தன்று வீடே பொங்கலும் வடையுமாக மணந்தது. அன்றும் நான் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. பெரியம்மா கெஞ்சினாள், அம்மா அழுதாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது. உண்மைக்காகப் பட்டினி கிடக்கிறேன் இல்லையா? அதற்கடுத்த நாள் காலையில் அப்பா, யாரிடமும் எதுவும் பேசாமல், பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, என்னை மொபெட்டில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டார். தன் அண்ணனான பெரியப்பா முன்னால் அப்பா வாய் திறக்கமாட்டார். அவருக்கு அவ்வளவுதான் முடியும், அதைச் செய்தார்.

டீச்சர் ஐம்பது பெயரையும் படித்துவிட்டுப் புத்தகத்தில் பச்சை மையில் 'மிக நன்று' என்று எழுதினார். விருது வருவதற்கு மழைக்காலம் ஆகிவிட்டது. திண்டுக்கல்லில் விழா. சான்றிதழ் டீச்சர் கையால் காட்டிய அளவைவிடக் கொஞ்சம் சிறியது. பெரியப்பாவே ஷோகேஸைத் திறந்து நடுத்தட்டில் வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்க புள்ள அம்பது சாமிகளுக்குச் சேவை செஞ்சு வாங்குனதுங்க என்று சொல்லுவார். யார் யார் என்று மட்டும் அவர் திரும்பப் படிக்கவே இல்லை.

மயிலாத்தாள் அந்தப் பூசத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. பொய் சொல்லி லீவு போட்டதால் நிறுத்திவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். அதை நான் வெகுகாலம் நம்பினேன். பாட்டி செத்துப்போனாள் என்று ஒரே வருடத்தில் மூன்று தடவை லீவு வாங்கியவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். பெரியப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தார்கள். லீவு ஒரு சாக்கு. ஊர் பேர் தெரியாத காலெல்லாம் அவருக்கு முருகன் கால்தான், அதில் சந்தேகமே இல்லை. தெரிந்த ஒரு காலை அவர் வீட்டுப் பிள்ளை மடியில் வைத்துக் கழுவியதையும், அதை ஊர் கேட்கத் தன் வாயாலேயே படித்ததையும்தான் அவரால் தாங்க முடியவில்லை. என்னை அடிக்க மனம் வரவில்லை. அடி வேறு இடத்தில் விழுந்தது. இதெல்லாம் எனக்குக் கல்லூரி முடிக்கிற வயதில்தான் உறைத்தது. எனக்கு அந்த ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. தனக்கு என்ன ஆகும் என்று மயிலாத்தாளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போட்டார். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விருது வந்த வாரத்தில் ஒரு நாள் காலையில், பள்ளிக்குப் போகும்போது மயிலாத்தாளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். நூல் மில் வேனுக்காகப் பத்துப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சரிடம் காட்டுவதற்காகப் பெரியப்பாவிடம் கேட்டு வாங்கிவந்திருந்த சான்றிதழைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். உங்களால்தான் கிடைத்தது என்றேன். அவர் அதைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லா இருங்க அம்மணி" என்றார்.

"ஏன் தோட்டத்துக்கு வர்றதே இல்லை?"

"காலு சரியில்லீங்க அம்மணி. காட்டுல குத்த வெச்சுக் களையெடுக்க முடியறதில்லீங்க."

ஆளுநர் விருது வாங்கிய முதலுதவிக்காரி நான். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேனா? சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே தரையில் மண்டியிட்டு, "காட்டுங்க, பாக்கலாம்" என்று காலைப் பிடித்தேன்.

நெருப்பை மிதித்தவர்போல அவர் பின்னால் துள்ளினார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "எந்திரிங்க அம்மணி! உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, எந்திரிங்க!" என்றார். வேன் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஏறி, அந்தப் பக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வேன் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் முதலுதவிப் பெட்டியைத் திறந்துவைத்து, என் காலிலேயே கட்டுப் போட்டுப் போட்டு அவிழ்த்துப் பார்த்தேன். எங்கே தப்புச் செய்தேன்? ரொம்ப இறுக்கிவிட்டேனா? பித்தவெடிப்பில் ஒரு பொடிக்கல்லை எடுக்காமல் விட்டுவிட்டேனா? அதனால்தான் அவர் கால் ஆறவில்லை, அதனால்தான் வேலைக்கு வரமுடியவில்லை, அதனால்தான் என் கையைப் பார்த்தாலே பயப்படுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். டீச்சரிடம் சொன்னால் விருதைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதாவது காலுக்கு மட்டும் நான் கட்டைச் சரியாகப் போடவில்லை என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.